கடலோரக் காவல்படைக் கப்பல்களைப் படம் எடுப்பது: எங்கே நிற்கலாம், எதைப் பார்த்து அடையாளம் காணலாம்?

நுரைக்கால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் கேனான் 1500டி, 55-250 லென்ஸ் இருக்கிறது. பழவேற்காட்டில் பறவை எடுக்கத்தான் வாங்கினேன். இப்போது மனசு முழுக்கக் கப்பல் பக்கம் போய்விட்டது. அதிலும் வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் நீலமுமாகச் சாய்வுப் பட்டை போட்ட கடலோரக் காவல்படைக் கப்பல் தூரத்தில் தெரிந்தால் பேருந்தில் இருந்தால்கூட இறங்கிவிடுகிறேன்.

மூன்று சந்தேகம். இந்தக் கப்பல்களைப் படம் எடுப்பது சட்டப்படி சரியா? போலீஸ் கேமராவைப் பிடுங்கிவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அடுத்தது, காலையில் மெரினாவில் எடுத்த படங்களில் கப்பல் ஒன்று கருத்துப் போகிறது, இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டாக வெளிறிவிடுகிறது. கூடவே உருவம் நெளிகிறது. மூன்றாவது, இணையத்தில் ‘வராஹா, எண் 41’ என்று போட்டு இரண்டு வகைப் படங்கள் வருகின்றன. ஒன்று சின்ன, பழைய கப்பல். இன்னொன்று பெரிது, புதிது. எது உண்மையான வராஹா?

பழைய வார்ஃப் எழுதியது:

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்தே வருகிறேன். அதைக் கேட்கத் தோன்றியவனுக்குத்தான் இந்த வேலை பிடிபடும்.

இரண்டுமே உண்மையான வராஹாதான். முதல் தலைமுறை விக்ரம் வகுப்பு என்று ஒன்பது ரோந்துக் கப்பல்கள் இருந்தன. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் மும்பை மசகான் டாக்கிலும் கோவா ஷிப்யார்டிலும் கட்டியவை, 74 மீட்டர் நீளம். அவை ஓய்வு பெற்ற பிறகு, நம் கட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி ஏழு புதுக் கப்பல்களைக் கட்டியது. விக்ரம், விஜயா, வீரா, வராஹா, வரத், வஜ்ரா, விக்ரஹா. ஏழுமே பழைய பெயர்கள். பக்கவாட்டில் எழுதும் எண்களையும் பழையபடியே வைத்துவிட்டார்கள். விக்ரம் அன்றும் 33, இன்றும் 33. வராஹா அன்றும் 41, இன்றும் 41. புது விக்ரம் 2018 ஏப்ரலில் பணியில் சேர்ந்தது, புது வராஹா 2019 செப்டம்பரில், கடைசியான விக்ரஹா 2021 ஆகஸ்டில். நீளம் 98 மீட்டர், எடை 2,100 டன்னுக்குப் பக்கம், வேகம் 26 நாட், அதாவது மணிக்கு 26 கடல் மைல்.

அதனால் எண்ணைப் படித்ததும் பெயரை எழுதிவிட்டுப் போகாதே. கப்பலின் உடம்பைப் படி. அதுதான் இதில் சுவையான பகுதி.

மண்ணடியில் எனக்கு ஷிப் சாண்ட்லர் தொழில். வணிகக் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயிண்ட் எல்லாம் ஏற்றிக் கொடுப்பது. அப்பா காலத்திலிருந்து கப்பலைப் பார்த்தே வளர்ந்தவன். சரக்குக் கப்பலைப் பார்த்தால் அது என்ன ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். காவல்படைக் கப்பலைப் பார்க்கும்போது, இது எந்த வேலைக்காகப் பிறந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்தளத்துப் பீரங்கியை எடுத்துக்கொள். புது விக்ரம் வகுப்பில் இருப்பது சிஆர்என்-91 என்கிற 30 மில்லிமீட்டர் துப்பாக்கி. தரைப்படையின் பிஎம்பி-2 கவச வண்டியில் இருக்கிற அதே குடும்பம். மேடக்கில் செய்வது. 98 மீட்டர் கப்பலுக்கு இவ்வளவு சின்னதா என்று தோன்றும். போர் செய்வது இதன் வேலை இல்லை. கடத்தல் படகை நிறுத்து என்று சொல்லி நிறுத்த வைக்க இது போதும். பழைய தலைமுறைப் படங்களில் பெரும்பாலும் நீளக் குழாயோடு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் இருக்கும். இரண்டு தலைமுறையைப் பிரிக்க இது ஒரு நல்ல அடையாளம்.

அடுத்து நடுப்பகுதியில் இரு பக்கமும் தொங்கும் படகுகளைப் பார். என்னைக் கேட்டால் ரோந்துக் கப்பலின் உண்மையான ஆயுதம் அதுதான். வராஹா போன்ற கப்பலில் வேகப் படகுகள் நான்கு, அதில் இரண்டு ரப்பர் படகு. சோதனைக்கு ஆள் ஏறுவது, கடலில் விழுந்தவரைத் தூக்குவது எல்லாம் அவற்றில்தான். படகு தொங்கும் இடம் காலியாக இருந்தால் உடனே லென்ஸைச் சுற்றுப்புறக் கடலில் ஓட்டு. அந்தப் படகு எங்கேயோ வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல படம் அங்கேதான் கிடைக்கும்.

பின்பக்கம் ஹெலிகாப்டர் தளம். மேல்தளத்தில் குட்டையாக, மூக்கு தூக்கி நிற்கும் குழாய்கள் தெரிந்தால் அவை தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்புக் குழாய்கள். அலங்காரத்துக்கு வைத்ததில்லை. 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது நினைவிருக்கும். குவைத்திலிருந்து பாரதீப்புக்கு ஏறக்குறைய 2,70,000 டன் கச்சா எண்ணெய் கொண்டு வந்தது. ஷௌர்யா, சாரங், சமுத்ர பஹரேதார் என்ற காவல்படைக் கப்பல்கள் எல்லாம் அங்கே போய்த் தண்ணீர் அடித்தன. எண்ணெய்க் கிடங்கு வரை தீ போகவில்லை. போயிருந்தால் நம் கரையும் தப்பியிருக்காது. அந்தப் படங்களை எடுத்துப் பார், வளைந்து போகும் தண்ணீர்க் கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று. அப்புறம் எந்தக் கப்பலைப் பார்த்தாலும் அந்தக் குழாய் இருக்கிறதா என்று கண் தானாகத் தேடும்.

சமுத்ர பஹரேதார் என்றேனே, அது தனி வகை. கடலில் எண்ணெய் கொட்டினால் மிதவை வேலி போட்டு வளைத்து உறிஞ்சி எடுக்கவே கட்டியது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி, எண்ணெய் உங்கள் பக்கத்துக் கரைக்கு வந்ததே. நீ சின்னப் பையனாக இருந்திருப்பாய். எர்ணாவூர் பாறையில் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரன் இந்த வகைக் கப்பலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சின்னப் படகுகளில் சி என்ற எழுத்தோடு 400 வரிசை எண் இருந்தால் அது இடைமறிப்புப் படகு. அலுமினிய உடம்பு, 45 நாட் வேகம். அடியில் சுழலும் விசிறி கிடையாது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட்தான். பின்னால் தண்ணீர் வாலாக எழும்புவதை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். சாம்பல் நிறம் என்றால் கடற்படை. வெள்ளையாக இருந்து பட்டை இல்லாமல் புகைபோக்கி மட்டும் வெளிர் மஞ்சளாக இருந்தால், அது கடற்படையின் கடல் அளவாய்வுக் கப்பல். இதைக் காவல்படை என்று போட்டு நிறையப் பேர் படம் ஏற்றுகிறார்கள்.

சரி, சட்டம். அலுவலக ரகசியச் சட்டம், 1923. அதில் ‘தடைசெய்யப்பட்ட இடம்’ என்பதன் விளக்கத்தில் அரசுக்குச் சொந்தமான கப்பலே வருகிறது. குற்றம் ஆவது நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு நெருங்குவது, படமோ வரைபடமோ எடுப்பது. பொதுக் கடற்கரையில் நின்று, கடலில் போகும் கப்பலை ஆசைக்கு எடுப்பவன் அந்த ரகம் இல்லை. ஆனாலும் ஒரு காவலர் வந்து கேட்டால் கேள்வி நியாயமானதுதான். கல்லூரி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள். எடுத்ததைக் காட்டச் சொன்னால் காட்டு. வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பு. வாதாடாதே.

துறைமுகத்துக்கு உள்ளே எடுக்கவே கூடாது. எனக்கு உள்ளே போகப் பாஸ் உண்டு. காவல்படைக் கப்பல் கட்டி நிற்கும் பக்கம் நான் கைபேசியைக்கூட வெளியே எடுப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் பாஸ் கொடுக்கிறார்கள். துறைமுக மதில் சுவர், பக்கத்துக் கட்டட மொட்டை மாடி, டிரோன், எதுவும் வேண்டாம். டிரோன் என்றால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

இனி உன் இரண்டாவது கேள்வி. மெரினாவில் காலையில் போய் நின்றால் சூரியன் கப்பலுக்குப் பின்னால். வெள்ளைக் கப்பல் கருப்பாக வராமல் என்ன செய்யும்? நம்முடையது கிழக்குக் கடற்கரை. மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல் போ. வெயில் உன் முதுகுப் பக்கமிருந்து நேராகக் கப்பல் மேல் விழும். எண், பட்டை, ஜன்னல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். வெளிறிப் போவதற்குக் காரணம், கேமரா கருநீலக் கடலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நீயே கையில் எடுத்துக்கொள். நாலரை மணி வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஆயிரத்தில் ஒரு நொடி என்று தொடங்கு. வெளிறிய இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கையைப் போட்டு வைத்து, வெள்ளை சிமிட்டினால் இன்னும் குறை. நிழல் பக்கத்தைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையை யாராலும் மீட்க முடியாது.

நெளிவது லென்ஸின் குற்றம் இல்லை, சூடான காற்று. பெரிய லென்ஸ் வாங்கினால் நெளிவும் பெரிதாகும், அவ்வளவுதான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சாயங்காலம் போய்ப் பார், அதே லென்ஸ் வேறு மாதிரி வேலை செய்யும்.

பாம்பன் வாசல் எழுதியது:

தம்பி, சென்னையில் நின்று புள்ளியாகத் தெரியும் கப்பலை எடுப்பதைவிட, ஒருமுறை எங்கள் ஊருக்கு வா. எங்கள் வீடு பாம்பன், வீட்டில் எல்லோரும் கடல் தொழில்தான்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் புது ரயில் பாலத்தைத் திறந்தபோது தூக்குப் பாலம் மேலே போய், அடியில் ஒரு காவல்படைக் கப்பல்தான் கடந்து போனது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டு 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக ஏறும். பழைய பாலம் பயன்பாட்டில் இருந்தபோது இரண்டு கையும் விரிந்து திறக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழசுதான் இன்னும் மனசில் நிற்கிறது, ஆனால் படம் எடுக்க இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பாலம் தூக்கும் நாளில் வடக்கும் தெற்குமாகப் படகுகளும் கப்பல்களும் காத்துக்கிடக்கும். துறைமுக அலுவலகத்திலிருந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் வந்து கூட்டிப்போவார். காவல்படைக் கப்பல் அந்த வரிசையில் வந்தால் சாலைப் பாலத்து நடைபாதையில் நின்று மேலிருந்து கீழே பார்க்கலாம். மெரினாவில் கிடைக்காத பார்வை இது. முன்தளத்தில் ஆள்கள் வரிசையாக நிற்பார்கள். பக்கத்தில் ஒருவர் ரப்பர் பந்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தூணையே பார்த்துக்கொண்டிருப்பார், உரசிவிடக் கூடாதே என்று. நங்கூரத் துளைக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில் துரு ஒழுகிய கோடு தெரியும். முகப்பில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் எண்கள் ஒன்றொன்றாக அலையில் மூழ்கி எழும். வண்டியைப் பாலத்தில் நிறுத்தாதே, போலீஸ் விரட்டும். கரையில் விட்டுவிட்டு நடந்து வா.

மண்டபத்தில் காவல்படையின் ஹோவர்கிராப்ட் இருக்கிறது. பாக் நீரிணையில் பல இடம் ஆழம் குறைவு, ராமர் பாலம் பக்கம் வெறும் மணல் திட்டு. அங்கே 98 மீட்டர் கப்பல் என்ன செய்யும்? ரப்பர் பாவாடையில் காற்றை ஊதிக்கொண்டு மணலிலும் தண்ணீரிலும் ஒரே மாதிரி ஓடுகிறது இது. சத்தம் கேட்டதுமே கேமராவை எடுத்துவிடு. நேர் எதிரே வரும்போது எடுத்தால் நீர்ப்புகைதான் விழும். பக்கவாட்டில் கடக்கும் வரை பொறுத்திரு. பின்னால் இரண்டு பெரிய காற்றாடி தெரியும், எச் என்ற எழுத்தோடு எண்ணும் இருக்கும்.

இன்னொன்று. 1554 என்ற எண்ணைக் கைபேசியில் போட்டு வை. கடலில் ஆபத்து என்றால் காவல்படைக்குக் கட்டணமில்லாமல் அழைக்கும் எண். கரையில் மணிக்கணக்காகக் கடலைப் பார்த்து நிற்பவன் நீ. கவிழ்ந்த வள்ளம் ஒன்று முதலில் உன் கண்ணில்தான் படலாம். படம் எடுப்பதற்கு முன்னால் அழை.

மூதூர்க் கரை எழுதியது:

வராஹா பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், நான் திருகோணமலை மாவட்டம். அந்தப் பழைய வராஹா எங்கட பக்கம்தான் வந்தது. 2006-இல் இலங்கைக் கடற்படைக்கு முதலில் குத்தகையாகக் கொடுத்து, பெயரை சாகர என்று மாற்றினார்கள். வெள்ளை போய்ச் சாம்பல் பூச்சு வந்தது. பிறகு அதே ஒன்பதில் ஒன்றான வருணாவை 2017-இல் இலங்கைக் கரையோரக் காவல் திணைக்களத்துக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் சுரக்ஷா. ஆகவே தம்பி, உங்களிடம் இருக்கிற பழைய வராஹா படத்தையும் சாகரவின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. நிறத்தை மறந்துவிட்டு, மாடத்தின் சாய்வையும் புகைபோக்கியின் இடத்தையும் மட்டும் ஒப்பிடுங்கோ. கப்பலை அடையாளம் காண இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் பழைய கப்பல்களும் எங்கட கடற்படையில் இருக்கு. சமுதுர என்பது கரேஜஸ், கஜபாகு என்பது ஷெர்மன், விஜயபாகு என்பது டக்ளஸ் மன்றோ. ஷெர்மன் 1960களில் கட்டியது, 115 மீட்டர். கரையோரக் காவல் கப்பல் ஒன்று ஊருக்கு ஊர் மாறி, நிறம் மாறி, ஐம்பது வருடம் தாண்டியும் ஓடுவதைப் பார்க்கையில் எனக்கு அந்தக் கப்பல்கட்டும் தொழிலாளிகள் மேல் பெரிய மரியாதை வரும்.

திருகோணமலையில் கடற்படைத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்கோ, அதையும் சொல்லிவைக்கிறேன்.

நுரைக்கால் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழைய வார்ஃப் அண்ணா, இன்னும் இரண்டு. என் 55-250 லென்ஸில் எண் படிக்கும் அளவுக்குப் படம் வருமா? இரண்டாவது, கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலிகளில் காவல்படைக் கப்பல் வருமா?

பழைய வார்ஃப் எழுதியது:

வரும். கணக்குப் போட்டே சொல்கிறேன். 250-இல் வைத்தால் உன் கேமராவின் சட்டகத்தில் 3 கிலோமீட்டர் தூரத்தில் அகலவாக்கில் ஏறக்குறைய 270 மீட்டர் கடல் அடங்கும். 98 மீட்டர் கப்பல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே நிற்கும். 24 மெகாபிக்சலில் அது 2,000 புள்ளிகளுக்கு மேல். காற்று தெளிவாக இருந்தால் ஆளுயர எண்ணைத் தாராளமாகப் படிக்கலாம். 6 கிலோமீட்டர் என்றால் பாதியாகிவிடும், அங்கே வகுப்பைச் சொல்லலாம், எண்ணைச் சொல்வது கஷ்டம்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் நீ நிற்கும் உயரம். அலை ஓரத்தில் நின்றால் தொடுவானமே 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டிய கப்பலின் கீழ்ப்பகுதி கடலுக்குப் பின்னால் இறங்கிவிடும், எண் இருப்பதோ அந்தப் பகுதியில். மெரினா கலங்கரை விளக்கத்தின் மாடத்துக்கு ஏறு. டிக்கெட் உண்டு, கேமராவுக்குத் தனிக் கட்டணம். அங்கிருந்து தொடுவானம் 20 கிலோமீட்டரைத் தாண்டும். கப்பலின் முழு உடம்பும் தெரியும். எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்கு.

செயலிகளில் காவல்படைக் கப்பல் சில நேரம் வரும், பல நேரம் வராது. ரோந்தில் இருப்பவன் தான் இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டான். அதே காரணத்துக்காக நீயும் படத்தை அன்றே ஏற்றாதே. கப்பல் கிளம்பிப் போய்ச் சில நாள் ஆன பிறகு போடு. இடக்குறியீட்டை நீக்கிவிடு. மாலுமிகளின் முகம் தெளிவாக விழுந்திருந்தால் அந்தப் படத்தை உன்னோடு வைத்துக்கொள். யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை, ஆனாலும் இந்த ஒழுங்கு இருக்கிறவனைத்தான் நான் நல்ல கப்பல் படக்காரன் என்பேன்.

காரைக்காலுக்கும் ஒருமுறை போய் வா. அக்ஷர் என்ற புது வேகரோந்துக் கப்பல் 2025 அக்டோபர் 4-ஆம் தேதி அங்கேதான் பணியில் சேர்ந்தது. கோவா ஷிப்யார்ட் கட்டும் அதம்யா வகுப்பில் இரண்டாவது, 51 மீட்டர், 27 நாட். இதற்கு முந்தைய ஆதேஷ் வகுப்பு வாட்டர்ஜெட்டில் ஓடுவது. இதில் இதழ்களின் சாய்வை மாற்றக்கூடிய விசிறி. இரண்டும் ஓடும்போது பின்னால் விடும் தண்ணீர்த் தடத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எனக்கே ஆசை. நீ எடுத்தால் இங்கே போடு.

அப்புறம், பிப்ரவரி 1 காவல்படை நாள். 1977-இல் அந்தத் தேதியில்தான் தொடங்கினார்கள். அதை ஒட்டி மாணவர்களைக் கப்பலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது உண்டு. உன் கல்லூரியில் என்சிசி இருந்தால் அங்கே விசாரி, டிசம்பரிலேயே விசாரி. உள்ளே போனால் கேமராவுக்கு அனுமதி இல்லை என்று சொல்ல வாய்ப்பு அதிகம். நோட்டும் பென்சிலும் எடுத்துப் போ. படகை இறக்க எத்தனை நிமிடம் ஆகும், அலை எவ்வளவு இருந்தால் இறக்க மாட்டீர்கள், இதை அங்கே இருக்கும் மாலுமியிடம் கேள். புத்தகத்தில் இருக்கிற நீளம் அகலத்தைக் கேட்டு அவர் நேரத்தை வீணாக்காதே.